அல்சைமர்: வீட்டில் யார் எதைச் செய்வது?

கேள்வி: அல்சைமர் தொடக்க நிலையில் உள்ள மூத்தவரைச் சிங்கப்பூரில் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க நினைக்கும் குடும்பம் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: முதுமை மறதி நோய்களில் மிகப் பரவலானது அல்சைமர். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-ல் இதை முதன்முதலாக விவரித்தார். மூளையில் இருவகைப் புரதங்கள் படிய, நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2013-ல் நடத்திய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒருவகை முதுமை மறதி நோய் இருந்தது.

நோய் உறுதியானதும் பல குடும்பங்கள் மாத்திரையைப் பற்றியே பேசுகின்றன. அதைவிட அவசரமானது எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். பணத்தையும் பராமரிப்பையும் தமக்காக யார் முடிவு செய்வது என்பதை மூத்தவரே அதில் எழுதிவைக்கலாம். ஆனால் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே அது கையெழுத்தாக வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிப்பார். அந்தக் காலம் கடந்துவிட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். கட்டிய மனைவி என்பதால் மட்டும் கணவரின் வங்கிக் கணக்கை இயக்க முடியாது.

அன்றாடத்தில் குடும்பத்தை அதிகம் நோகடிப்பது மறதியன்று, பழி. வளையலை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்துவிட்டு, பணிப்பெண் திருடிவிட்டாள் என்பார் மூத்தவர். வாதாடினால் சந்தேகம் கூடும். சேர்ந்து தேடுவதே வழி; பணிப்பெண்ணிடம் இது நோயின் குணம் என்று முன்பே சொல்லிவைப்பது நியாயம். பின்னாளில் கற்ற ஆங்கிலமும் மலாயும் சிலருக்கு மங்கித் தமிழே மிஞ்சும். ஆகவே பசி, வலி, தண்ணீர் போன்ற சில தமிழ்ச் சொற்களையாவது பணிப்பெண்ணுக்குக் கற்றுத்தர வேண்டும்.

அண்மை நினைவு அழிந்தாலும் பழையது நெடுநாள் நிற்கும். காலையில் தின்ற தோசை மறந்துபோகும். பழைய தேக்கா சந்தையின் மீன்கடை நினைவிலிருக்கும். சந்தை 1982-ல் எதிர்ப்பக்கம் மாறிவிட்டதை நாள்தோறும் சொல்லித் திருத்துவதில் பயனில்லை. தேக்காவுக்கே கூட்டிப்போகலாம், வாரநாள் காலையில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இரைச்சலும் குழப்பத்தைக் கிளறும். வழிதவறும் பழக்கம் தொடங்கியிருந்தால், முன்பு அல்சைமர் நோய்ச் சங்கமாக இருந்த டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலியில் பதிந்துவைப்பது நல்லது.

உதவித்தொகையில் ஒரு சிக்கல் உண்டு. கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டம் குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, இடம் மாறி அமர்வது ஆகிய ஆறில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாதவர்களுக்கே பணம் தரும். அல்சைமரிலோ கைகால் நன்றாக இயங்கும்போதே ஆள் நாள் முழுதும் உடனிருக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைக்காலத்தின் சுமை பெரும்பாலும் ஒரே மகள்மீதோ மருமகள்மீதோ விழுகிறது. மற்ற பிள்ளைகள் வாரக்கடைசியில் பழம் வாங்கி வருவது பங்காகாது. மருத்துவமனை நாள், இரவுக் காவல், செலவு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை அணுகலாம். தமிழ் பேசும் ஊழியர் உண்டா என்பதைக் கட்டணத்துக்கு முன்பே கேட்பது நல்லது. முதலில் போக மறுப்பது வழக்கம். அரைநாளில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பலர் பழகிவிடுகிறார்கள்.