விசில் யார் கையில்?

ஊரில் கபடிப் போட்டி. ஆட்டம் முடியப் போகிறது. பாடிப் போனவர் "தொட்டேன்" என்கிறார். எதிரணியினர் "தொடவே இல்லை" என்கிறார்கள். நடுவர் தயங்குகிறார். கூட்டம் களத்துக்குள் இறங்குகிறது. அன்று மூண்ட பகை தெருச் சண்டையாகிப் பல நாள் நீடிப்பதும் உண்டு.

நடுவருக்குப் பயிற்சி தந்தது யார்? பெரும்பாலும் யாரும் இல்லை. முன்பு நன்றாக ஆடியவர் என்று விசிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆடுவது வேறு, பார்ப்பது வேறு.

கபடிக்கு வங்காளத்தில் ஹடுடு என்று பெயர். தமிழ்நாட்டில் சடுகுடு. பஞ்சாபில் வட்டக் களத்திலும் ஆடுவார்கள். 1990இல் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்க்கப்பட்டது. அங்கே ஆடியது நீள்சதுரக் களத்தில். அந்த ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு துணை நடுவர்கள், புள்ளி எழுதுபவர், அவருக்கு உதவியாக இருவர் என்று ஆறு பேர் வேண்டும். ஊர்ப் போட்டியில் இவர்கள் சம்பளம் இல்லாமல் வருபவர்கள்.

இளைஞர் மன்றம் இதற்குப் பயிற்சி நடத்தலாம். மாவட்டக் கபடிக் கழகத்தைக் கேட்டால், தேர்வு பெற்ற நடுவர் ஒருவரை அனுப்பச் சொல்லலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கிவிடலாம். முதலில் சுண்ணாம்புத் தூளும் அளவு நாடாவும் எடுத்துக் களம் போடட்டும். ஆண்களுக்கு நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். பெண்களுக்கு 12 மீட்டர், 8 மீட்டர். கோட்டைத் தானே போட்டவருக்குக் கோடு மறக்காது. பிறகு விதிகள். ஒரு பாட்டுக்கு 30 விநாடி. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் புள்ளி. ஓர் அணி முழுவதும் வெளியேறினால் எதிரணிக்கு மேலும் 2 புள்ளி, அதுதான் லோனா.

விதியைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. பயிற்சி ஆட்டத்தில் புதியவரைப் பழகியவரோடு நிறுத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசட்டும். எங்கே நின்றார்? அங்கிருந்து கால் தெரிந்ததா, முதுகு மறைத்ததா? தவறிய தீர்ப்புகளில் பல, நின்ற இடம் சரியில்லாததால் வருபவை. இதை ஆட்டக்காரர்கள் முன்னால் சொல்லக் கூடாது. முதல் ஆண்டே இறுதி ஆட்டத்தையும் கொடுக்க வேண்டாம். சொந்தத் தெரு அணி ஆடும்போது அவரை நிறுத்தவே வேண்டாம்.

புள்ளி எழுதும் வேலையைச் சிறிது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியேறியவர்கள் எந்த வரிசையில் போனார்களோ, அதே வரிசையில்தான் திரும்ப வர வேண்டும். "நான்தான் முதலில் போனேன்" என்று சச்சரவு வந்தால் தாள்தான் சாட்சி. எண்ணும் எழுத்தும் புதிதாகக் கற்றவர் பழகிக்கொண்டால் இதைச் செய்ய முடியும். பெண்களும் வருவார்கள். ஆட்டம் பகலில் நடக்க வேண்டும், வீடு திரும்பப் பேருந்து இருக்க வேண்டும்.

பயிற்சி பெற்றவர் பாதியில் விட்டுப் போவதுதான் பெரிய நட்டம். வசவு கேட்டவர் மறு ஆண்டு வரமாட்டார். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல் ஆகியவற்றை மன்றம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நடுவரைத் திட்டும் அணியை என்ன செய்வது என்பதையும் போட்டிக்கு முன்பே முடிவு செய்து, இரு தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். புள்ளித் தாள்களை எறிந்துவிடக் கூடாது. அடுத்த பயிற்சியில் அவையே பாடப் புத்தகம்.