மின்னட்டையும் சொல்வளமும்

நுழையும்முன்

கற்ற சொல்லை மறவாமல் காப்பது எவ்வாறு? நிகண்டுகளை மனனம் செய்த காலம் முதல் திறன்பேசிச் செயலிகளின் காலம் வரை மாணவர்முன் நிற்கும் வினா இது.

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் பள்ளிகொண்டா. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என விரியும் தோல்தொழில் வட்டாரத்தை ஒட்டியது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒலிக்கும் இப்பகுதியில், காலணித் தொழிற்சாலைகளின் வழியே ஆங்கிலச் சொற்களும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்துள்ளன. 'கட்டிங்', 'ஸ்டிச்சிங்', 'சோல்', 'லைனிங்' ஆகியவை பள்ளிப்படி ஏறாதவர் நாவிலும் புழங்குகின்றன. ஆயினும், தமிழ்வழியில் பயின்று உயர்கல்வியில் ஆங்கில நூல்களை எதிர்கொள்ளவிருக்கும் மாணவருக்கு இச்சொற்கள் மட்டும் போதா.

மறதியும் மீள்பார்வையும்

பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் போக்கை அளந்தவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ். அவரது ஆய்வு 1885இல் வெளிவந்தது. கற்றவற்றுள் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைந்து மறைகிறது என்றும், இடைவெளிவிட்டுப் பயில்வது நினைவை வலுப்படுத்துகிறது என்றும் அவர் கண்டார். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் இக்கருத்தை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். அறை உயர உயர, அட்டையை மீண்டும் காணும் இடைவெளி நீளும். 2006இல் வெளிவந்த 'ஆங்கி' போன்ற செயலிகள், இவ்விடைவெளியைக் கணித்துத் தரும் பணியைக் கணினியிடம் ஒப்படைத்தன.

மாணவர் நோக்கில்

பேருந்துப் பயணத்திலும் பயிலலாம். சொல்லின் ஒலிப்பைக் கேட்கலாம். தவறினால் நகைப்பார் இலர் என்பன செயலியை விரும்புவோர் கூறும் காரணங்கள். வீட்டில் ஒரே திறன்பேசி இருப்பின், அது தந்தையோடு பணிக்குச் சென்றுவிடும். கைக்கு வந்த பொழுதும் பிற காட்சிகள் கவனத்தை ஈர்க்கும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. 'ஹைடு' என்னும் அட்டையின் பின்புறம் 'ஒளித்துவை' என்று மட்டும் இருந்தால், அதுவே விலங்கின் தோலையும் குறிக்கும் என்பதை மாணவர் அறியார். 'சோல்' காலணியின் அடிப்பகுதி. 'ஒரே' எனும் பொருளும் அதற்குண்டு. அதே ஒலியில் எழுத்து மாறினால் 'ஆன்மா' ஆகிவிடும். சொல்லின் பொருளை முடிவு செய்வது அது நிற்கும் தொடரே. எனவே, அட்டையில் சொல்லோடு ஒரு தொடரையும் எழுதுதல் வேண்டும். பிறர் தொகுத்த ஆயிரம் அட்டைகளினும், தாம் படித்த பாடத்திலிருந்தும் தம் ஊரின் தொழிலிலிருந்தும் தாமே ஆக்கிய நூறு அட்டைகள் பயன்மிக்கவை.

திறன்பேசி இல்லாதவரும் வருந்த வேண்டுவதில்லை. பழைய காலணிப் பெட்டி ஒன்றும், நறுக்கிய தாள்களும் லைட்னரின் முறைக்குப் போதும். நினைவைக் காப்பது கருவியன்று. விடையைத் திருப்பிப் பார்க்குமுன் மனம் மேற்கொள்ளும் முயற்சியே.

தெரிந்து தெளிவோம்

சேந்தன் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை தமிழின் குறிப்பிடத்தக்க நிகண்டுகள். செய்யுள் வடிவில் அமைந்த நிகண்டுகளைத் திண்ணைப்பள்ளி மாணவர் மனனம் செய்தனர். ஓசை நினைவுக்குத் துணைநின்றது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்த் தொழிலில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, தொடர்களுடன் அட்டைகள் உருவாக்குக.
2. 'சொல்லைக் கற்பது வேறு. மொழியைக் கற்பது வேறு' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.