மலாக்காவிலிருந்து மேலவைக்குச் செல்லும் இளம் செனட்டருக்கு

மலேசிய நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவையாகிய மேலவை, அதாவது டேவான் நெகாரா, 70 உறுப்பினர்களைக் கொண்டது. மலாக்கா உள்ளிட்ட 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுக்க, எஞ்சிய 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். தொகுதி என்று ஒன்று இல்லாததால் செனட்டரின் வேலைக்குக் கணக்குக் கேட்க வாக்காளர் எவரும் இல்லை. பதவிக்காலம் 3 ஆண்டுகள். ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு தவணைகளுக்கு மேல் அமர முடியாது. ஆகவே மலாக்காவின் சன்னாசிமலை மாசிமகத்தில் தொடங்கி ஒவ்வொரு கோயில் திருவிழாவிலும் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தால், அதற்குள்ளேயே ஆறு ஆண்டுகளும் கழிந்துவிடும்.

மேலவையின் அதிகாரம் பெரும்பாலும் தாமதப்படுத்தும் அதிகாரமே. வரி, செலவு பற்றிய நிதி மசோதாவை ஒரு மாதமும், மற்ற மசோதாக்களை ஏறத்தாழ ஓராண்டும் நிறுத்திவைக்கலாம். அரசமைப்புத் திருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்குத்தான் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தை நீக்கும் மசோதாவை 2018 செப்டம்பரில் மேலவை நிராகரித்தது; 2019-இல் மக்களவை அதை மீண்டும் நிறைவேற்றியது. அந்த நிராகரிப்பு சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தடுத்து நிறுத்துவதால் மட்டும் ஒரு செனட்டர் நினைவில் நிற்பதில்லை என்பதற்கு அது போதிய சான்று.

நினைவில் நிற்பவர் ஆதி நாகப்பன். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்ட பின், மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்கு அவர் செனட்டராக இருந்தபடியே தலைமை தாங்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்று 1968-இல் முடிந்த அவ்வறிக்கை பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் வழியே நியமன முறையை நிலைநாட்டியது. இருந்தும், ஊராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் அவ்வறிக்கையே எடுத்துக்காட்டப்படுகிறது. மேலவையில் நிகழ்த்தப்பட்ட எத்தனையோ முழக்கங்களுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

மலாக்காவைச் சேர்ந்தவருக்கு, ஆராய்ந்து பதிவில் நிலைநிறுத்தும் இவ்வகை வேலைக்குப் பஞ்சமில்லை. 1967-இல் ஜாசின் வட்டாரத்தின் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தங்கள் குறையை அரசின் காதில் போடக் கோலாலம்பூர் வரை நடந்தே செல்ல நேர்ந்தது. தோட்டத்துக்குள் எழுந்த குரல் தலைநகரை எட்ட அன்று வேறு வழி தென்படவில்லை. பின்னர் 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், 446-ஆம் சட்டம் என்று எண்ணால் அறியப்படுவது, வீடு, ஆயாக்கொட்டகை எனப்படும் குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. 2019-இல் திருத்தப்பட்டபோது தோட்டங்களுக்கு வெளியேயுள்ள தொழில்களுக்கும் அது விரிந்தது. இத்தகைய மசோதா கைக்கு வந்தால் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பதே நல்லது. பிரிவுகளை எளிய மொழியில் சொல்லும் விளக்கவுரையும், அதன் கீழே அரசுக்குக் கூடுதல் செலவு உண்டா இல்லையா என்று ஓரிரு வரியில் கூறும் நிதிக் குறிப்பும் அங்கேதான் இருக்கும். கூடுதல் செலவே இல்லை என்று அவ்வரி சொல்லுமானால், லயத்து வீடுகளைச் சோதனையிடும் அதிகாரிகளுக்கான சம்பளமும் வண்டியும் எங்கிருந்து வரும் என்பதே செனட்டர் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி.

அக்கேள்வியை எழுத்து வடிவில் அமைச்சருக்கு அனுப்பலாம்: ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஓராண்டில் எத்தனை தோட்டங்கள் சோதிக்கப்பட்டன, எத்தனை நிர்வாகங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பெயரும் எண்ணும் கேட்கும் கேள்வியாக அது அமையட்டும். கிடைக்கும் பதில் நாடாளுமன்றப் பதிவேட்டின் ஒரு பகுதியாகிவிடும். தோட்டக் கிளைச் சங்கத்தின் செயலாளர் அடுத்த முறை நிர்வாகியின் மேசைமுன் நிற்கும்போது அதன் நகல் அவர் கையில் இருக்கும்.