கோதாவரிக் கரையில் யாரைச் சந்திப்பீர்கள்?

பிள்ளைகளோடு பாபிகொண்டலு படகுப் பயணம் போகிறோம். கோதாவரிக் கரைப் பழங்குடியினரைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்வது? – வாசகி, கூகட்பள்ளி

அங்கே வாழ்பவர்கள் கொண்டா ரெட்டிகளும் கோயாக்களும் என்று பெயரிலிருந்தே தொடங்குங்கள், அம்மா. கொண்டா ரெட்டிகள் மலைச்சரிவைத் திருத்திப் 'போடு' சாகுபடி செய்தவர்கள். மூங்கில் வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. படகு நிற்கும் பேரண்டபள்ளி ஊரில் மூங்கில் பொருள் விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், எப்படிப் பின்னுகிறார்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும். மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் கொண்டா ரெட்டிகளோடு தங்கி எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது என்பதையும் சொல்லலாம். கோதாவரியில் கட்டப்படும் போலவரம் அணையால் ஊரையே விட்டுப்போகும் குடும்பங்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். வெள்ளக் காலத்தில் படகு ஓடாது. நவம்பருக்குப் பிறகு கிளம்புங்கள்.