ஒரு விமானத்தில் கண்ட பழுது, எல்லா விமானங்களிலும் நீங்க வேண்டும்

ஜெஞ்சாரோமில் மாலை வேளையில் திடலில் நின்று அண்ணாந்து பார்த்தால், சிப்பாங் பக்கம் தாழ்ந்து செல்லும் விமானங்கள் கண்ணில் படும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் நமக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள், இறக்கையின் பின்விளிம்பில் சில பலகைகள் மேலும் கீழும் அசைவதைக் கவனித்திருப்பார்கள்.

அந்தப் பலகைகளில் ஒன்று சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு விமானத்தில் அப்படி ஒரு பழுது தெரிந்துவிட்டால், அதே வகையில் உலகம் முழுவதும் பறக்கும் மற்ற விமானங்களை யார் சரிசெய்வது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

விமானத்தைத் திருப்பும் மூன்று பலகைகள்

விமானத்தின் போக்கை மாற்ற அடிப்படையாக மூன்று வகைப் பலகைகள் உண்டு.

முதலாவது, இறக்கைகளின் வெளிமுனைப் பக்கம் இருக்கும் ஏலிரான். ஒரு பக்கத்து ஏலிரான் மேலே எழும்பும்போது மறுபக்கத்து ஏலிரான் கீழே இறங்கும். அதனால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும்.

இரண்டாவது, வாலின் கிடைமட்டப் பகுதியில் இருக்கும் எலிவேட்டர். அது மேலே எழும்பினால் காற்றை மேல்நோக்கித் திருப்பும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று வாலைக் கீழே தள்ளும். வால் தாழ்ந்தால் மூக்கு உயரும்.

மூன்றாவது, வாலின் செங்குத்துப் பகுதியில் இருக்கும் சுக்கான். படகின் சுக்கானைப் போலவே இதுவும் விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும்.

இவை சிறிய பலகைகள்தாம். ஆனால் விமானத்தின் எடைமையத்திலிருந்து வெகு தொலைவில் பொருத்தப்பட்டிருப்பதால், நெம்புகோல் தத்துவப்படி சிறிய விசையே பெரிய விமானத்தைத் திருப்பிவிடுகிறது. அதே காரணத்தால், இவற்றில் ஏற்படும் சிறிய கோளாறும் பெரிய விளைவைத் தந்துவிடும்.

கிளைடர் சொல்லித் தரும் பாடம்

இந்தப் பொறியமைப்பைப் புரிந்துகொள்ள மிக எளிய விமானம் கிளைடர். இதற்கு இயந்திரம் கிடையாது. இன்னொரு விமானமோ தரையில் உள்ள விசை உருளையோ கயிற்றால் இழுத்து மேலே ஏற்றிவிடும். பிறகு நீண்ட இறக்கைகளின் துணையோடு, எழும்பும் வெப்பக் காற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். இந்தியாவின் பொது விமானப் போக்குவரத்துத் துறை முன்பு சொந்தமாகவே கிளைடர்களை வடிவமைத்தது. அவற்றுக்கு அசுவினி, ரோகிணி, கார்த்திக் என்று நட்சத்திரப் பெயர்கள் வைத்தார்கள்.

கிளைடரில் விமானி பிடிக்கும் கைப்பிடியிலிருந்து பலகைகள் வரை பெரும்பாலும் உலோகத் தண்டுகளே செல்கின்றன. கைப்பிடியை அசைத்தால் தண்டு நகரும், தண்டு நகர்ந்தால் பலகை அசையும். மிதிவண்டியில் கைப்பிடி பிரேக்கை அழுத்தினால் சக்கரத்தில் கட்டை பிடிப்பதைப் போன்றதுதான்.

ஆனால் கிளைடருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 15 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இறக்கைகளோடு அதைக் கொட்டகையில் வைக்க இடம் போதாது. ஆகவே பலர் பறந்து முடித்ததும் இறக்கைகளைக் கழற்றி, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நீளமான பெட்டி வண்டியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை பறக்கும்போது மீண்டும் பூட்ட வேண்டும். இறக்கையைப் பூட்டினால் மட்டும் போதாது, உள்ளே செல்லும் தண்டுகளையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்.

பழைய கிளைடர்கள் பலவற்றில் இந்த இணைப்பு ஒரு குண்டும் குழியும் போன்றது. தண்டின் முனையில் ஒரு சிறிய உலோகக் குண்டு, அடுத்த தண்டில் அதற்கேற்ற குழி. குண்டு உள்ளே போனதும் சுருள்வில் தள்ளும் ஓர் ஆப்பு அதை வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். நம் தோள்மூட்டு எலும்பும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது.

இந்த இணைப்பை 'லோத்தெலியே' இணைப்பு என்பார்கள். இதில் ஓர் ஆபத்து இருந்தது. குறுகலான துளைக்குள் கையை விட்டு, கண்ணால் சரியாகப் பார்க்க முடியாமல் விரலால் தடவித்தான் இதைப் பூட்ட வேண்டும். குண்டு குழிக்குள் முழுதாக உட்காராமல் விளிம்பில் நின்றுவிடலாம். தரையில் கைப்பிடியை அசைத்தால் பலகையும் அசையும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். பறக்கத் தொடங்கி, காற்றின் விசை பலகையைத் தள்ளும்போதுதான் இணைப்பு கழன்றுவிடும்.

இப்படி இணைப்பு சரியாகப் பூட்டப்படாததால் விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. "கவனமாகப் பூட்டுங்கள்" என்று சொல்வது மட்டும் போதவில்லை. கவனமான மனிதரும் ஒரு நாள் களைப்பாக இருப்பார், இன்னொரு நாள் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். ஆகவே 1990களில் ஜெர்மனியின் விமானத்துறை, இந்த இணைப்புகளுக்குக் கூடுதல் பூட்டு வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குண்டு முழுதாக உள்ளே போயிருந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் பூட்டைப் போட முடியும். பூட்டு ஏறவில்லை என்றால் இணைப்பு தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

இன்றும் கிளைடரைப் பூட்டி முடித்ததும் இருவர் சேர்ந்து ஒரு சோதனை செய்வார்கள். ஒருவர் வெளியே நின்று பலகையைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்வார். மற்றவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைக்க முயல்வார். இணைப்பு உறுதியாக இருந்தால் கைப்பிடி நகராது. நகர்ந்தால் எங்கோ ஓர் இணைப்பு கழன்றிருக்கிறது என்று பொருள்.

கட்டாயப் பாதுகாப்பு ஆணை

மேலே சொன்னதைப் போன்ற அறிவிப்பை 'பறக்கும் தகுதி ஆணை' என்கிறார்கள். இதைத் தயாரிப்பாளர் தரும் அறிவுரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது சட்டம். ஆணையில் சொன்ன வேலையைக் குறித்த காலத்துக்குள் செய்யாத விமானம் பறக்கக் கூடாது.

ஆணைகளின் கடுமை ஆபத்துக்கு ஏற்ப மாறும். சில ஆணைகள், "அடுத்த ஆண்டுப் பரிசோதனையின்போது இந்தத் தண்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லும். சில, "இத்தனை மணி நேரம் பறப்பதற்குள் இந்த உறுப்பை மாற்றுங்கள்" என்று சொல்லும். ஆபத்து அதிகமானால், "அடுத்த முறை பறப்பதற்கு முன்பே" என்று வரும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது, பறக்கவே தடை. 2010 ஜூன் மாதம் ஆஸ்திரியாவில் பிளானிக் எல்-13 வகைக் கிளைடர் ஒன்றின் இறக்கை, பறக்கும்போதே முறிந்தது. அதில் இருந்த இருவரும் இறந்தனர். பல்லாண்டு காலம் வளைந்து நிமிர்ந்து வந்ததால் இறக்கையின் முதுகெலும்பு போன்ற உலோக உத்திரம் களைத்து விரிசல் விட்டிருந்தது. பிளானிக் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாக்கப்பட்டு 1956இல் முதன்முதலாகப் பறந்தது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, பல நாடுகளில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. விபத்துக்குப் பிறகு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அவசர ஆணைகளை வெளியிட, அந்த வகைக் கிளைடர்கள் நாடு நாடாகத் தரையில் நின்றன.

பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு

"கிளைடர் எங்கோ ஐரோப்பாவில் பறப்பது, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நம் கோலாலம்பூருக்கு வரவேண்டிய ஒரு விமானமே இப்படி ஓர் ஆணைக்குக் காரணமாக இருந்தது.

2005 ஆகஸ்ட் 1ஆம் நாள், மலேசியா ஏர்லைன்சின் எம்.எச். 124 விமானம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. அது போயிங் 777 வகை. பெர்த்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 38,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, திடீரென்று மூக்கை உயர்த்திக்கொண்டு மேலே பாய்ந்தது. விமானிகளின் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு முரணான தகவல்கள் வந்தன. விமானம் வரம்பு மீறிய வேகத்தை நெருங்குகிறது என்றது ஒன்று. வேகம் குறைந்து விழப் போகிறது என்றது மற்றொன்று.

விமானம் ஏறக்குறைய 41,000 அடிக்குப் போய்விட்டது. வேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டுக்குக் குறைந்தது. வேகம் மிகவும் குறைந்தால் இறக்கைகளால் விமானத்தைத் தாங்க முடியாது. விமானிகள் தானியங்கி ஓட்டும் கருவியை நிறுத்திவிட்டு, கையால் கட்டுப்படுத்தி, மீண்டும் பெர்த்திலேயே தரையிறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

இந்த விமானத்தில் தண்டும் பலகையும் நன்றாகவே இருந்தன. பழுது, அவற்றுக்குக் கட்டளை தரும் தகவலில் இருந்தது.

நான்கு ஆண்டுகள் மறைந்திருந்த பழுது

பேருந்து சட்டென்று கிளம்பும்போது நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? அந்தச் சாய்வை அளந்தால் பேருந்தின் முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். இப்படி அளக்கும் கருவிக்கு முடுக்கமானி என்று பெயர். போயிங் 777இல் விமானத்தின் அசைவைக் கணக்கிடும் கருவிப்பெட்டிக்குள் 6 முடுக்கமானிகள் இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே இத்தனை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது தெரிந்தது இது. அந்த 6இல் ஒன்று 2001 ஜூன் மாதத்திலேயே கெட்டுப்போயிருந்தது. மென்பொருள் அதன் தவறான அளவுகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு சரியாகவே கணக்கிட்டு வந்தது. ஒன்று கெட்ட நிலையிலும் பெட்டி இயங்கலாம் என்பது விதி. ஆகவே அதை யாரும் மாற்றவில்லை. நான்கு ஆண்டுகள் விமானம் ஒழுங்காகப் பறந்தது.

ஆகஸ்ட் 1ஆம் நாள் இன்னொரு முடுக்கமானி கெட்டது. அப்போது மென்பொருளில் இருந்த ஒரு குறை விழித்துக்கொண்டது. ஒதுக்கி வைத்திருந்த பழைய முடுக்கமானியின் தவறான அளவையும் அது மீண்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இல்லாத முடுக்கத்தை உண்மை என்று நம்பிய தானியங்கிக் கருவி, மூக்கை உயர்த்தியது.

இதே மென்பொருள் மற்ற போயிங் 777களிலும் இருந்தது. எந்த விமானத்தில் அடுத்து நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. விமானம் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது என்பதால், சில வாரங்களிலேயே அமெரிக்க விமானத்துறை அவசர ஆணை வெளியிட்டது. தீர்வு வியப்பானது: புதிய மென்பொருளை நீக்கிவிட்டு, அதற்கு முன் இருந்த பதிப்பை மீண்டும் ஏற்றச் சொன்னார்கள். புதியது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

ஆணை நம்மை வந்தடையும் வழி

1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் எட்டாம் பின்னிணைப்பு, விமானங்களின் பறக்கும் தகுதியைப் பற்றியது. அதன்படி, விமானத்தை வடிவமைத்த நாடு ஆணை வெளியிட்டால், அந்த வகை விமானம் பதிவு செய்யப்பட்ட நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதேபோல, பறக்கும்போது கண்ட கோளாறுகளை அந்த நாடுகள் வடிவமைத்த நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் இரு பக்கமும் ஓடுகிறது. நம் நாட்டில் இந்தப் பொறுப்பு மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது.

பிறகு வேலை பட்டறைக்கு வருகிறது. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஆணையில் சொன்னதைச் செய்து, விமானத்தின் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இடுவார். பல ஆண்டுகள் கழித்து விமானம் வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் அந்தப் பதிவு கூடவே போகும்.

கிளைடரின் குண்டு இணைப்புக்கும் போயிங் 777இன் மென்பொருளுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே ஒரு பழுது ஒளிந்திருந்தது. அதைக் கண்டவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அதனால், அந்தப் பழுதைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத விமானிகளும் பயணிகளும் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு காகித விமானம் செய்யுங்கள். இறக்கைகளின் பின்விளிம்பில் இரு பக்கமும் சிறிய மடிப்பு வெட்டி, இரண்டையும் மேல்நோக்கி மடித்து எறியுங்கள். மூக்கு எந்தப் பக்கம் போகிறது? பிறகு ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் மடித்து எறியுங்கள். இப்போது ஒரு மடிப்பை மட்டும் நேராக்கிவிட்டு எறியுங்கள். 'ஒரு பலகையின் இணைப்பு கழன்றால்' என்பதன் பொருள் கண்முன்னே தெரியும்.

சிந்தியுங்கள்

1. உங்களிடம் இரண்டு கடிகாரங்கள் இருந்து, இரண்டும் வேறு நேரம் காட்டினால் எது சரி என்று சொல்ல முடியுமா? மூன்று இருந்தால்?

2. கைப்பிடியை அசைத்துப் பார்ப்பதைவிட, பலகையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ளும் சோதனை ஏன் சிறந்தது?

3. உங்கள் மிதிவண்டியின் பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருக்கிறது, ஆனால் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. நீங்கள் ஓர் 'ஆணை' எழுதுவதாக இருந்தால், எத்தனை நாளுக்குள் மாற்றச் சொல்வீர்கள்? ஏன்?