முதலில் சுவாரஸ்யம், பிறகுதான் மற்றதெல்லாம்

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் நன்றாகவே வாசிப்பான். ஆனால், நான் வாங்கிக் கொடுத்த நீதிக்கதைப் புத்தகங்களை இரண்டு பக்கத்தோடு மூடி வைத்துவிடுகிறான். காமிக்ஸ் கையில் கிடைத்தால் மட்டும் சோறு தண்ணீர் மறந்துபோகிறது. அவன் விரும்பிப் படிக்கிற மாதிரி தமிழில் என்ன கதைகள் இருக்கின்றன? ‘பொன்னியின் செல்வ’னை இப்போதே கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சோறு தண்ணீர் மறந்து படிக்கிற பிள்ளைக்கு வாசிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. இனி அவனுக்கு வேண்டியது விறுவிறுப்பான கதைகள்தான். நீதிக்கதைகளைக் கொஞ்ச நாள் அலமாரியிலேயே விட்டுவையுங்கள்.

காமிக்ஸைத் தடுக்கவே தடுக்காதீர்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகரும். அதைப் பார்த்த பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருப்பானா?

அந்த ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டே நாவலுக்கு அழைத்து வரலாம். ஜெயமோகனின் ‘பனிமனித’னில் தொடங்குங்கள். இமயமலைப் பனியில் பதிந்த ராட்சதக் காலடித் தடங்களைத் தேடிப் போகிற கதை. நடுவே அறிவியலும் பௌத்தமும் வந்தாலும் வேகம் குறையாது. அடுத்து, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. பாடப்புத்தகத்தில் தேதியும் பானை ஓடுமாகத் தெரிகிற கீழடி, இதில் ஆட்கள் நடமாடுகிற ஊராகிவிடும். 2023-இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல் இது.

அதே விருதை 2020-இல் பெற்றது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பேசுகிற மரப்பாச்சி பொம்மை ஒன்று, தவறான தொடுதலுக்கு எதிராகக் குழந்தைகளுக்குத் துணை நிற்கிறது. சொல்லத் தயங்குகிற விஷயத்தையும் கதைச்சுவை கெடாமல் சொல்லலாம் என்பதற்கு நல்ல உதாரணம். இதை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். அவன் கேள்வி கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

மந்திரமும் சாகசமும் பிடிக்குமென்றால் வாண்டுமாமாவின் கதைகள் இருக்கவே இருக்கின்றன. இன்னும் இரண்டு வருடம் போகட்டும்; சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுங்கள். ஜீனோ என்கிற இயந்திர நாயை அவனுக்குப் பிடித்துப்போகும்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். ஐந்து பாகம், ஏராளமான பாத்திரங்கள், அரியணைச் சூழ்ச்சிகள். பதினொரு வயதில் சில பிள்ளைகள் தாக்குப்பிடிப்பார்கள். பலர் பாதியில் களைத்துவிடுவார்கள். முதலில் அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ படிக்கட்டும். அது பிடித்துவிட்டால் ‘பொன்னியின் செல்வ’னின் நாயகன் வந்தியத்தேவனை அவனே தேடிப் போவான்.

புத்தகம் வாங்கியதும் முதல் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முடிச்சு விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை அவன் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் விட்டுவிடட்டும்; வற்புறுத்த வேண்டாம். பக்கத்து நூலகத்தில் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்து, அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

படித்து முடித்ததும், ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். அவன் கதை சொல்லச் சொல்ல, அடுத்து எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.