ஆற்றுக்கு ஆறு படிகள்

விடுமுறை வந்தால் நம் மாணவர் பலர் கோலாட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். மும்பையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில், குண்டலிகா ஆற்றில் ரப்பர் மிதவை ஏறித் துடுப்புப் போடலாம். 'கட்டணம் எவ்வளவு?' என்று கேட்பவர் பலர், 'எத்தனையாவது படி?' என்று கேட்பவர் சிலரே. அந்தப் படி யாது என்பதைக் காண்போம்.

ஆறு பாறைகளிடையே சரிந்து நுரைத்தோடும் இடத்தைப் பாய்ச்சல் என்போம். பாய்ச்சலின் கடுமையை உலகெங்கும் ஆறு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படியில் சிற்றலைகளே இருக்கும். இரண்டாவதில் வழி அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும். மூன்றாவதில் அலைகள் ஒழுங்கற்று எழும். குறுகிய வழியில் மிதவையைத் திறம்படத் திருப்ப வேண்டும். நான்காவதில் நீரின் வலிமை மிகுதி. விழுந்தவர் தாமே கரையேறுவது கடினம். ஐந்தாவது வல்லுநர்க்கே உரியது. ஆறாவதில் தவறினால் உயிர் மீள்வது அரிது. ஆகவே படி என்பது அலையின் உயரத்தை மட்டும் அளப்பதன்று. தவறினால் வரும் விளைவையும் அளப்பதாகும்.

இக்கடுமை எங்கிருந்து பிறக்கிறது? சரிவு, குறுக்கம், தடை, நீரின் அளவு ஆகிய நான்கிலிருந்து. ஆழம் மாறாமல் ஆற்றின் அகலம் பாதியாகக் குறுகினால், நீரின் வேகம் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால், நம்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மழைக்காலத்தில் ஆண்டாப் ஹில் தெருவில் முழங்காலளவு நீர் தேங்கினால் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். அதே முழங்காலளவு நீர் சரிவில் பாய்ந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

நீரைப் படிக்கவும் கற்கலாம். இரு பாறைகளிடையே நீர் நாக்குப்போல் வழவழப்பாக நீண்டு, அதன் கூர்முனை ஆறு செல்லும் திசையை நோக்கினால், அதுவே வழி. கூர்முனை எதிரே வரும் நம்மை நோக்கினால், அங்கே பாறை மறைந்திருக்கிறது. பாறையைத் தாண்டி விழும் நீர் மேற்பரப்பில் பின்னோக்கிச் சுருளும்; அதில் அகப்பட்ட மிதவை முன்னேறாமல் உழலும். காற்றுக் கலந்த அந்நுரை, தெளிந்த நீரைப்போல் உடலைத் தாங்காது.

இனி குண்டலிகாவுக்கு வருவோம். முல்ஷி அணையில் தேங்கும் முளா ஆற்றின் நீர், மலையிலிருந்து குழாய்களில் இறங்கி, 1927ஆம் ஆண்டு முதல் இயங்கும் பீரா மின்நிலையத்தில் மின்சாரம் தருகிறது. கிழக்கே வங்கக்கடலுக்குச் செல்ல வேண்டிய அந்நீர், பின்னர் குண்டலிகா வழியே அரபிக்கடலை அடைகிறது. கோடையிலும் அங்கு மிதவை ஓடுவது இந்நீரால்தான். அங்குள்ள பாய்ச்சல்கள் பொதுவாக இரண்டாம், மூன்றாம் படியின. ஆனால் மழையும் அணைநீரும் சேர்ந்தால் நிலை மாறும். சில பாறைகள் மூழ்கி வழி எளிதாகும். வேறிடத்தில் புதிய சுருள் தோன்றும். படி என்பது ஆற்றோடு பிறந்த பெயரன்று. அன்றைய நீரின் நிலையாகும். நீர்வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை விதிப்பதும், மழைக்காலத்தில் ரிஷிகேஷில் மிதவைப் பயணத்தை நிறுத்துவதும் இதனாலேயே.

தவறி விழுந்தால் என்ன செய்வது? மல்லாந்து, கால்களை நீர் செல்லும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஓட்டத்தில் எழுந்து நிற்கலாகாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால், பின்னிருந்து வரும் நீர் உடலை அமிழ்த்திவிடும். நீச்சல் அறிந்தவர்க்கும் இது பொருந்தும். மிதவைச் சட்டையின் வார்களை இறுகக் கட்டியிருக்க வேண்டும், தலைக்கவசமும் வேண்டும்.

நண்பர்களே, அடுத்த முறை பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று எத்தனையாவது படி? இன்றைய நீர் எவ்வளவு? கவிழ்ந்தால் மீட்பவர் எங்கே நிற்பார்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் துடுப்பை எடுங்கள். கிடைக்காவிடில் கரையிலிருந்தே ஆற்றைக் கண்டு மகிழுங்கள். ஆறு எங்கும் போய்விடாது.